தொப்பூர்க் கணவாயில் நிற்கும் நாவல்: டிஜிட்டல் வடிவம் இந்தக் கதைக்குத் தேவையா?

சனத்குமாரநதி (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் குழுவில் பலருக்கு என் எழுத்து தெரியும், தொழில் தெரியாது. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடியலுக்கு முன்பே வண்டிகள் வந்து, ஏலம் முடிந்து, பட்டியல் போட்டு, விவசாயிகளுக்குப் பணம் பட்டுவாடா ஆவதற்குள் முற்பகல் ஆகிவிடும். அதன் பிறகு மண்டியில் காலிப் பெட்டிகளும் நானும்தான் இருப்போம். என் இரண்டு நாவல்களும் அந்தப் பிற்பகல்களில், பேரேட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்த நோட்டில் எழுதப்பட்டவை. மூன்றாவது நாவல் அந்த நோட்டுக்குள் அடங்க மறுக்கிறது என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதைக்களம் தொப்பூர்க் கணவாய். ஓர் இரவு, தருமபுரிப் பக்கத்திலிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரக்கு லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளில் மோதுகிறது. சாலை அடைபட்டு, பின்னால் வந்தவையெல்லாம் வரிசையாக நின்றுவிடுகின்றன. பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் ஆம்னிப் பேருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் ஏற்றி வரும் டெம்போ, பெண் அழைத்துக்கொண்டு போகும் வேன், ஓர் ஆம்புலன்ஸ் என்று நாற்பது வண்டிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் காத்திருக்கிறார்கள் என்பதுதான் கதையின் உயிர். அச்சிலோ ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் அவர்களை நிறுத்த முடிகிறது. ‘அதே வேளையில்’ என்று அத்தியாயந்தோறும் தொடங்கி எனக்கே சலித்துவிட்டது.

இதற்கு முன்னோடி உண்டு. ஜெஃப் ரைமன் 1996-இல் ‘253’ என்ற நாவலை இணையத்தில் வெளியிட்டார். லண்டன் சுரங்க ரயில் ஒன்றில் இருக்கைக்கு ஒருவராக 252 பயணிகளும் ஓட்டுநரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 253 சொற்கள். எந்தப் பயணியிடமிருந்தும் வேறொரு பயணியிடம் தாவிப் போகலாம். 1998-இல் அதுவே அச்சுப் புத்தகமாகவும் வந்தது. கேட் புல்லிஞ்சரின் பாதை வேறு. அச்சில் நிலைபெற்ற நாவலாசிரியராக இருந்து, 2009-இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதையும் பெற்றவர், அதே காலத்தில் படம், ஒலி, எழுத்து மூன்றையும் சேர்த்து இணையத்துக்கென்றே கதைகள் செய்துவந்தார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

நானும் கதைப் பகுதிகளை இணைப்புகளால் கோக்க உதவும் ட்வைன் என்ற இலவசச் செயலியில் சில வண்டிகளைப் பதிந்து பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனாலும் புதுமை மோகத்தில் செய்கிறேனா, கதை கேட்பதால் செய்கிறேனா என்று தெரியவில்லை. ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

---

அரூர் வாசகன்

அக்கா, கேட்டதால் சொல்கிறேன். எனக்கு இது உவப்பாக இல்லை.

நாவலாசிரியரின் வேலையில் பெரும்பகுதி வரிசையை முடிவு செய்வதுதான். எதை முன்னால் சொல்வது, எதை ஒளித்து வைப்பது, ஒருவருடைய சாவை எந்த இடத்தில் வாசகனுக்குத் தெரிவிப்பது என்ற தீர்மானங்களுக்காகத்தான் உங்கள் முதல் நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன். அந்தத் தீர்மானத்தை என் விரலிடம் ஒப்படைத்துவிட்டால் நீங்கள் எதற்கு? அரூரிலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் வரும் நேரத்தில்தான் நான் படிக்கிறேன். ஒவ்வொரு பத்தியிலும் ‘அடுத்து யாரைப் பார்க்க விரும்புகிறீர்கள்’ என்று கேட்கும் கதையில் நான் கதைக்குள் இருக்க மாட்டேன்; கதைக்கு மேலே நின்று மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இணையம் தமிழ் நாவலுக்கு எதையும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் நம் தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஜெயமோகன், 2014 தொடக்கத்திலிருந்து 2020 சூலை வரை மகாபாரதத்தை இணையத்தில் தொடராக எழுதி 26 நாவல்களாக முடித்தார். காலையில் எழுந்தவுடன் அன்றைய அத்தியாயத்தைப் படிக்கும் பழக்கம் ஆயிரக்கணக்கானோருக்கு உண்டாயிற்று. அங்கே வாசகன் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. வேகமும் நீளமும் மாறின. வரிசை எழுத்தாளர் கையிலேயே இருந்தது. நமக்குப் பொருந்தும் டிஜிட்டல் அதுவே என்பது என் கட்சி.

---

ஓசூர் நிரலாளர்

பகலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இரவில் வாசகன் என்ற தகுதியில் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். அரூர் நண்பர் அஞ்சுவது கிளைக்கதையை. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி வைத்துப் பத்துத் திருப்பம் எழுதினால் 1,024 முடிவுகளும், வழியில் உள்ளவற்றையும் சேர்த்து 2,047 பகுதிகளும் தேவைப்படும். பகுதிக்கு இருநூறு சொல் என்றாலும் நான்கு லட்சம் சொற்களைத் தாண்டிவிடும். அதில் ஒரு வாசகர் ஒரு முறை படிப்பது பதினொரு பகுதிதான். அதனால்தான் இந்த வடிவத்தில் கைதேர்ந்தவர்கள் பிரிந்த கிளைகளைச் சிறிது தூரத்திலேயே மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். அக்காவின் கதையோ கிளை பிரிவதே இல்லை. நடந்தது நடந்ததுதான், வாசகர் வண்டி வரிசையில் நடந்து போகிறார், அவ்வளவே. நாற்பது வண்டிக்கு நாற்பது பகுதி எழுதினால் போதும். எதையெல்லாம் வாசகர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி ட்வைனில் இருக்கிறது. ஆம்புலன்ஸைப் பார்த்தவருக்கு டெம்போ ஓட்டுநரின் பேச்சில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும்படி செய்யலாம். ஆகவே வரிசை முழுவதும் கைவிட்டுப் போய்விடுவதில்லை.

இரண்டாவது செய்தி தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை. 2018-இல் புல்லிஞ்சர் எழுதிய பேய்க்கதை ஒன்று, கைபேசியில் படிப்பவர் இருக்கும் இடம், அங்கே அப்போதைய வானிலை, நேரம் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு கதைக்குள்ளேயே செருகிவிடும். உங்கள் தெருவின் பெயரைப் பேய் சொல்லும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இதைத் தமிழில் செய்து பார்க்க உட்கார்ந்தபோதுதான் வேற்றுமை உருபு குறுக்கே வந்தது. தருமபுரி என்றால் தருமபுரியில், பாலக்கோடு பாலக்கோட்டில் ஆகிறது, பென்னாகரம் பென்னாகரத்தில், ஒகேனக்கல் ஒகேனக்கல்லில். ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘இல்’ என்று ஒட்டவைக்கும் நிரல் ‘பென்னாகரம்இல்’ என்று அச்சிட்டுவிட்டால் பேய் அந்தக் கணமே ஓடிப்போய்விடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஊர்ப்பட்டியல் சிறியது என்றால் ஒவ்வோர் ஊருக்கும் எழுவாய் வடிவம், ‘இல்’, ‘இலிருந்து’, ‘உக்கு’ என்று நான்கு வடிவங்களையும் கையால் எழுதிச் சேமித்துவிடலாம். பட்டியல் பெரியது என்றால், பெயர் எப்போதும் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தை அமைக்க வேண்டும். ‘பென்னாகரம். இங்கே மழை நின்று நெடுநேரம் ஆகிறது’ என்பது போல. இரண்டாவது வழி நடையையே மாற்றிவிடும். எல்லா வாக்கியமும் தந்தி போல வெட்டுப்படும். வினைமுற்றிலும் இதே சிக்கல்தான். வாசகர் ஆணா பெண்ணா என்று நிரலுக்குத் தெரியாது. வந்தான், வந்தாள் என்று எழுத முடியாது. ‘நீங்கள்’ என்று முன்னிலையில் எழுதினால் தப்பிக்கலாம். ஒரு முழு நாவலை அப்படி எழுதத் தெம்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆயுள். புல்லிஞ்சர் பங்கேற்ற தொடர்கதை ஒன்றின் முதல் அத்தியாயங்கள் 2005 வாக்கில் ஃப்ளாஷ் நுட்பத்தில் உருவானவை. 2020 டிசம்பர் 31 உடன் அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. சில நாட்களில் உலாவிகளில் அதை ஓட்டவே முடியாமல் போயிற்று. நூறாண்டுக்கு முந்தைய புத்தகத்தைக் கரையான் விட்டுவைத்தால் படித்துவிடலாம். இருபதாண்டுக்கு முந்தைய டிஜிட்டல் கதையைப் படிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது. ஆகவே ஒளி விளையாட்டுகள் வேண்டாம். ட்வைன் கதை ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக முடிகிறது. அதைத் திறக்க உலாவி போதும். மூல எழுத்தைத் தனியாக, வெறும் யூனிகோடு உரையாக, வண்டிக்கு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். செயலி செத்தாலும் எழுத்து பிழைத்திருக்கும்.

---

அரூர் வாசகன்

வேற்றுமை உருபுக்குப் பயப்படும் பேயை இன்றுதான் கேள்விப்படுகிறேன். கிளைக்கதை இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று. நாற்பது வண்டியில் நான் ஒன்பதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால், நான் நாவலைப் படித்தவனா, படிக்காதவனா? அச்சில் பாதியில் விட்டால் விட்டோம் என்று தெரியும்.

---

பென்னாகரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, தம்பி கடைசியாகக் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே பெறுமதியானது. அதற்கு நம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது.

நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பதினெட்டு நாள் பாரத விழாவை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுவதும் கூத்து, ஒரு நாள் அர்ச்சுனன் தபசு, கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றிப் படுகளம். இதில் எந்த இடத்தில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒருவர் பால் கறக்க எழுந்து போகிறார். ஒருவர் பாதிக் கூத்தில் அங்கேயே படுத்துத் தூங்கி, துகிலுரிதலுக்கு எழுப்பிவிடச் சொல்கிறார். வெளியூரில் வேலை செய்பவர் தபசுக்கும் படுகளத்துக்கும் மட்டும் வருகிறார். நாற்பதில் ஒன்பதைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஆயினும் பாரதம் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

இதைச் சொல்லிவிட்டு, ‘பார்த்தீர்களா, டிஜிட்டல் கதை எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டுவது எளிது. நான் அதைச் சொல்ல வரவில்லை. கூத்தில் மக்கள் எழுந்து போக முடிவதற்குக் காரணம், கதை அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதே. கர்ணன் சாவான் என்பதை அறியாதவர் அந்தக் களத்தில் இல்லை. ஆகவே பார்வையாளர் ‘என்ன நடந்தது’ என்பதற்காக வருவதில்லை. இன்று கர்ணன் கட்டுபவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதற்காக வருகிறார். தொப்பூரில் நிற்கும் உங்கள் நாற்பது வண்டியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. யார் செத்தார், யார் பிழைத்தார் என்ற ஆவலை வைத்துக்கொண்டே வாசகரை விருப்பம்போல் அலையவிட்டால் அவர் எரிச்சல்தான் அடைவார்; அரூர்த் தம்பியின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

எனவே விபத்தின் முழு விவரத்தையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நாளிதழ்ச் செய்தி போல, எத்தனை வண்டி, எத்தனை பேர் இறந்தார்கள், எந்த வண்டியில் இறந்தார்கள், எத்தனை மணிக்குச் சாலை திறந்தது என்று எல்லாவற்றையும். அதன் பிறகு வாசகர் எந்த வண்டியின் கதவைத் தட்டினாலும் குறை ஒன்றுமில்லை.

---

கிருஷ்ணகிரி சிறுபதிப்பாளர்

ஆசிரியர் ஐயா சொன்ன பிறகு வடிவத்தைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் இரு மாவட்டங்களிலும் வயல்வெளியில் நிற்கும் நடுகற்களைப் படித்திருப்பீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக நிற்கின்றன. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ஊரின் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, பகைவர் கவர்ந்தபோது மீட்டு இறந்துபட்டான் இன்னான் என்று சில வரிகளில் ஒரு மனிதனின் கடைசிப் பகல் அடங்கிவிடும். வண்டிப் பகுதிகளை எழுதும்போது அந்தச் சிக்கனம் உதவும். கைபேசித் திரையில் நான்கு பக்கம் போகும் உள்மனப் புலம்பலை யாரும் படிக்க மாட்டார்கள்.

இனிக் காசு விஷயம். இழையில் ஒருவரும் தொடவில்லை என்பதால் நான் தொடுகிறேன். முந்நூறு ரூபாய் விலையில் ஐந்நூறு படி விற்று, பத்து விழுக்காடு உரிமைத்தொகை கிடைத்தால் எழுத்தாளர் கைக்கு வருவது பதினைந்தாயிரம் ரூபாய். பல ஆண்டு உழைப்புக்கு அது என்ன கூலி என்பதை மண்டிக் கணக்குப் பார்ப்பவரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் நேரடி மின்னூல் வெளியீட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தபோது பலர் அங்கே போனார்கள். அங்கும் நிபந்தனை உண்டு. இந்திய விற்பனைக்கு எழுபது விழுக்காடு வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் தொண்ணூறு நாள் தவணைக்கு அதே மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. சேராவிட்டால் முப்பத்தைந்து விழுக்காடுதான். மேலும் கிண்டில் நூலுக்குள் ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாமே தவிர, நிரலாளர் சொன்ன ‘நினைவில் வைக்கும்’ வித்தையெல்லாம் அங்கே நடக்காது.

சுருக்கமாக, இந்த வடிவத்துக்கென்று தமிழில் சந்தை இல்லை. இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டு, அதையே வேறு உருவில் அச்சுக்குக் கொண்டுவருவதுதான் நடைமுறை. புல்லிஞ்சர் அதையும் செய்திருக்கிறார். விமானத்தின் சக்கர அறையில் ஒளிந்து வந்து லண்டன் பல்பொருள் அங்காடி வாகன நிறுத்தத்தில் விழும் ஒருவரின் கதையை முதலில் இணையத்தில், வாசகர் பங்களிப்போடு வளர்த்தார். பிறகு அதிலிருந்தே ஓர் அச்சு நாவலை எழுதி 2014-இல் வெளியிட்டார். அச்சு நாவல் இணையக் கதையின் படி அன்று, தனி நூல்.

இன்னொன்று. எந்தப் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் போட்டாலும் ‘அனைத்து மின்வடிவ உரிமைகளும்’ என்ற வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். நானும் பதிப்பாளர்தான், ஆனாலும் சொல்கிறேன், அடித்துவிட்டு ‘மின்னூல் உரிமை மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

---

அஞ்செட்டிக்காரி

எங்கள் பக்கம் காட்டுச் சாலையில் சிக்னல் கிடைக்காது. வண்டிக்கு ஒரு முறை இணையம் தேடும் கதை என்றால் முதல் வண்டியிலேயே நின்றுவிடுவேன். ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்க முடியுமா?

---

ஓசூர் நிரலாளர்

முடியும், அக்கா. படமும் ஒலியும் சேர்க்காவிட்டால் கோப்பு மிகச் சிறியது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று கணக்கிட்டால், முழு நாவல்கூட ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கைபேசியில் உள்ள ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். இடத்தைக் கண்டறிந்து செருகும் வேலையை விட்டுவிட வேண்டும். இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. கதையே ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது.

---

சனத்குமாரநதி

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதை வைத்து முதல் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். ‘இரவு 11.40 மணிக்கு இரட்டைப் பாலம் அருகே’ என்று தொடங்கும் வெறும் செய்தி. இறந்த மூவரின் வண்டிகளும் அதிலேயே வந்துவிடுகின்றன. என்ன ஆயிற்று என்றால், மாம்பழ டெம்போ ஓட்டுநர் தன் மகளிடம் கைபேசியில் ‘காலையில் வந்துவிடுவேன்’ என்று சொல்லும் வரியை நான் மெருகேற்ற வேண்டிய தேவையே போய்விட்டது. வாசகருக்கு முன்பே தெரியும் என்பதால் அந்த வரி சாதாரணமாக இருந்தாலே போதுகிறது. மர்மத்தைக் காப்பாற்றுவதற்காக இதுவரை எழுதி வைத்திருந்த பூடகங்களையெல்லாம் அடித்துவிட்டேன். பக்கங்கள் பாதியாகக் குறைந்துள்ளன.

எழுதும் முறையும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவேன். மண்டியில் சண்டை வந்தால், சரக்கு வரத்து கூடினால், அந்தச் சரடு அறுந்துபோகும். இப்போது ஒரு பிற்பகலுக்கு ஒரு வண்டி. முடிந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் அந்த வண்டி மட்டும் நிற்கும், நாவல் நிற்காது. வேலைக்குப் போகிற எழுத்தாளர்களுக்கு இந்த வடிவத்தின் உண்மையான பயன் இதுதான் என்று தோன்றுகிறது. மூல எழுத்தை நிரலாளர் தம்பி சொன்னபடி வண்டிக்கு ஒரு கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். இரு ஆண்டுக்கு முன் ஒரு கதைச் செயலியில் தொடர் எழுதி, அவர்கள் கடையை மூடியபோது கருத்துரைகளோடு எல்லாம் போன அனுபவம் எனக்கு உண்டு, பெயர் வேண்டாம்.

ஒரு கேள்வி மிச்சம். 2014-இல் புல்லிஞ்சரும் நீல் பார்ட்லெட்டும் லண்டன் பாடிங்டன் நிலையத்தில் கடிதம் படித்தபடி நிற்கும் போர்வீரன் சிலைக்குப் பொதுமக்களைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அதுபோல, கணவாயில் வண்டி ஓட்டும் லாரி ஓட்டுநர்களிடம் குரல் பதிவு கேட்டு வாங்கிக் கதையோடு இணைக்க ஆசை. செய்யலாமா?

---

கிருஷ்ணகிரி சிறுபதிப்பாளர்

அந்தப் போர்வீரன் பெயரற்றவன், நூறாண்டுக்கு முந்தையவன். தொப்பூரில் இறந்தவர்களின் குடும்பங்கள் இங்கேயே நல்லம்பள்ளியிலும் காரிமங்கலத்திலும் இருக்கின்றன. ஓட்டுநர் ஒருவர் உண்மை விபத்தைச் சொன்னால் அதில் மூன்றாமவரின் துக்கமும், சில வேளை நடந்துகொண்டிருக்கும் வழக்கும் சேர்ந்து வரும். எழுத்து மூலமான ஒப்புதல் வாங்குங்கள். வண்டி எண், தேதி, ஊர் இருந்தால் நீக்கிவிடுங்கள். பின்னால் ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் எடுத்துவிட வேண்டும் என்பதையும் ஒப்புதலிலேயே எழுதுங்கள். அச்சில் முடியாத அந்த ஒன்று இணையத்தில் முடியும்.

---

சனத்குமாரநதி

சரி, ஐயா. குரல் பதிவுகள் நாவலுக்குள் வாரா. தனிப் பக்கமாக, பேசியவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும்.

---

அரூர் வாசகன்

அக்கா, முதல் பக்கம் செய்தியாக இருக்கும் என்றால் நான் கட்சி மாறவில்லை என்றாலும் படித்துப் பார்க்கிறேன். ஒரே வேண்டுகோள். ஆம்புலன்ஸ் வண்டியை மட்டும் எடுத்த எடுப்பில் திறக்கவிடாதீர்கள். பின்னாலிருந்து வழி கேட்டுக் கேட்டு அது முன்னால் வர முயல்வதை நாலைந்து வண்டிகளிலிருந்து பார்த்த பிறகே அதன் கதவு திறக்க வேண்டும். அந்த ஓர் இடத்திலாவது வரிசை உங்கள் கையில் இருக்கட்டும்.

---

ஓசூர் நிரலாளர்

செய்துவிடலாம். ஐந்து வண்டி பார்த்த பிறகே அந்த இணைப்பு தெரியும்படி ஒரு நிபந்தனை போதும். அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோப்பை அனுப்புங்கள்.